ராடுக்கும் கேமுக்கும் நடுவுல

ஏனுங்க தம்பி, இது மதுரை பஸ்தானுங்களே? கண்டக்டர் சொன்னாரு, இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். இப்ப வர்ற போர்டெல்லாம் லைட்டுல ஓடுது பாருங்க, ஒரு நிமிஷம் நிக்கறதில்ல. படிக்கறதுக்குள்ள ஓடிப்போயிருது. யாரு இதையெல்லாம் கண்டுபிடிக்கறாங்களோ.

மதுரைக்கு எதுக்குன்னா, சும்மா கண்ணாடி மாத்தறதுக்குத்தானுங்க. கோயமுத்தூர்ல கண்ணாடிக் கடையே இல்லையான்னு கேப்பீங்க. இருக்குது. அங்க ஒரு டாக்டர் மதுரைக்குப் போங்கன்னு எழுதிக் குடுத்தாரு. இவங்களுக்கு வேற என்ன வேலை. ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட அனுப்பறதுதான.

நான் குழந்தைவேலு. கணபதியில பட்டறை வெச்சிருக்கறேன். பட்டறைன்னா பஞ்சர் ஒட்டற கடை இல்லீங்க. ரேஸ் ஓட்டற காருக்கு இன்ஜின் கட்டறது. குழந்தைவேலு கட்டுன இன்ஜின்னு சொன்னா டிராக்குல ஒரு மரியாதை உண்டு. பந்தயத்துல ஜெயிக்கறது தோக்கறது ஓட்டறவங்க கையில. ஆனா என்ற இன்ஜின் நடுவுல நின்னுச்சுன்னு ஒருத்தன் சொல்ல முடியாது. இந்த ஆனி மாசம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

என்னைய இந்தக் கதிக்குக் கொண்டாந்தது வெளியாள் இல்லீங்க. எம் பொண்டாட்டி. துளசிமணின்னு பேரு. கட்டுன பொண்டாட்டி ஊரு முன்னாடி புருசன் மூஞ்சில கரியப் பூசினா எப்படி இருக்கும், சொல்லுங்க. நீங்க கல்யாணம் ஆனவருங்களா? இல்லையா. சரி, ஆனாலும் புரியும்.

அவ அண்ணன் பொண்ணு தாரிணின்னு ஒருத்தி. எனக்கு மருமக முறை. சின்னதுல இருந்து பள்ளிக்கூடம் விட்டா எம் பட்டறையிலதான் கெடப்பா. ஒரு மில்லுல வேலைக்குப் போறா, லீவு நாள்ல ரேஸ் ஓட்டறா. அவங்க அப்பனுக்குப் பிடிக்கல. நான்தான் மச்சானைச் சமாதானம் பண்ணி, என் பொறுப்பு, நான் கட்டற வண்டியிலதான் உக்காருவான்னு வாக்குக் குடுத்தேன். இந்த வருசம் பெரிய இன்ஜின் பிரிவுல ஓடணும்னு சொன்னா. அவகிட்ட இருந்தது பழைய காரு, சின்ன இன்ஜின். மாமா, இதையே பெருசு பண்ண முடியுமான்னு கேட்டா. பண்ணலாம் கண்ணுன்னேன்.

அதுக்குப் பேரு ஸ்ட்ரோக்கருங்க. எப்படின்னா, இன்ஜினுக்குள்ள பிஸ்டன் மேலயும் கீழயும் போய் வருது இல்லீங்களா, அதைச் சுத்தவிடறது க்ராங்க். அந்தக் க்ராங்கை எடுத்துட்டு இன்னும் எட்டிப் போடற க்ராங்க் ஒண்ணைப் போட்டா பிஸ்டன் கூடுதல் தூரம் போகும், சக்தியும் கூடும். ஆனா வெளிக்கூடு அதேதான். உங்களாட்ட ஒசரமான ஆளு இந்த சீட்டுல உக்காந்தா முட்டி முன்சீட்ல இடிக்குது பாருங்க, அதே கதைதான். உள்ள ஒவ்வொண்ணும் ஒண்ணோட ஒண்ணு நெருங்கிரும். பிஸ்டன் மேல வந்தா வால்வுல இடிக்குமா, கீழ போனா க்ராங்க்ல உரசுமா, எல்லாம் பாக்கணும். முக்கியமா பிஸ்டனையும் க்ராங்க்கையும் பிடிச்சிருக்கற ராடு. அது சுத்தி வர்றப்ப அதோட போல்ட்டு கேம் ஷாஃப்டுக்குப் பக்கத்துல வரும். வால்வைத் தொறந்து மூடறது அந்தக் கேம்தான். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணரை எம்.எம். இடைவெளி வேணுங்க. கையில சுத்தறப்ப கம்மியா இருந்தாக்கூட இடிக்காம போயிரும். ஆனா வேகத்துல ஓடறப்ப இரும்பு இழுபடும். அப்ப இடிச்சுதுன்னா கேம் ஒடிஞ்சு, எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கி, இன்ஜின் பூட்டிக்கும். ஓடற வண்டியில சக்கரம் நின்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம்.

அதை எப்படிப் பாக்கறதுன்னா, கொழந்தைங்க பொம்மை பண்ற களிமண்ணு இருக்குது பாருங்க, கலர் கலரா. அதை அந்த இடத்துல அப்பி வெச்சு, இன்ஜினைக் கையில மெதுவா முழுசா சுத்திட்டு, மண்ணை எடுத்து பிளேடுல வெட்டி, எவ்வளவு தடிமன்னு வெர்னியர்ல அளக்கணும். மண்ணு நசுங்கி எவ்வளவு மிச்சம் இருக்குதோ அதுதான் இடைவெளி. பொறுமை வேணும். எனக்கு அது உண்டு. சோறு தண்ணி மறந்து செய்வேன்.

துளசிமணி கூட இருப்பா. ரெண்டு மூணு வருசமாவே என்னோடதான் பட்டறையில. என்ன வேலைன்னா, ஒரு வேலையும் இல்ல. நான் வெர்னியரைப் பிடிப்பேன், அவ நம்பரைப் படிச்சுச் சொல்லுவா. அவ்வளவுதான். இப்ப வர்ற வெர்னியர்ல கோடெல்லாம் மசமசன்னு அடிச்சிருக்கான், முன்ன மாதிரி தெளிவா இல்ல. அவளுக்கும் பொழுது போகணுமே. இடுக்கை அளக்கற ஃபீலர் தகட்டுல எது எத்தனைன்னு எடுத்துக் குடுப்பா. போல்ட்டு முறுக்கறப்ப அளவு வந்துதான்னு பாத்துச் சொல்லுவா. ஒரு தடவை, ஏனுங்க, இந்த பேரிங்ல ஒரு கீறல் இருக்குது, வேற போடலாம்னா. போட்டேன். அந்த மாதிரி சின்னச் சின்ன ஒத்தாசை. இன்ஜினைக் கட்டறது நான்தானுங்க.

இதுக்கு நடுவுல எங்க பொண்ணுக்கு உடுமலையில பிரசவம். துளசிமணி போயிட்டா. போறப்ப, நான் வந்ததுக்கப்புறம் களிமண்ணு வேலையப் பாக்கலாம், அது வரைக்கும் மத்ததப் பாருங்கன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. இவ இல்லாட்டி எனக்கு வேலை ஓடாதாங்கறேன். சரின்னு மட்டும் சொன்னேன்.

பேரன் பொறந்தான். போயிப் பாத்தேன். கையில குடுத்தாங்க. எல்லாரும், அப்படியே தாத்தா மூஞ்சின்னாங்க. ஆமாமான்னேன். அந்த ரூம்புல வெளிச்சம் பத்தாதுங்க. கொழந்தைக்குக் கூசும்னு ஸ்க்ரீனை இழுத்து விட்டுட்டாங்க. மூஞ்சி இருக்கற எடத்துல ஒரு வெளுப்பு, அவ்வளவுதான் தெரிஞ்சது. யாருக்கா இருந்தாலும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கும்.

திரும்பி வந்து கதவைச் சாத்திட்டு நானே உக்காந்து களிமண்ணு வெச்சேன். ஒவ்வொரு ராடா. வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிட்டுப் போயி, பூதக்கண்ணாடியை வெச்சு, மண்டையச் சாச்சுச் சாச்சுப் பாத்தேன். நேரா பாத்தாக் கோடு மறஞ்சிரும், ஓரக்கண்ணுல பாத்தா வரும். அதுக்கு ஒரு பழக்கம் இருக்குது. மூணாவது ராடு ஒண்ணரைன்னு காட்டுச்சு. ஒண்ணரைதான். நான் பாத்தேன். இன்ஜினை மூடி, எண்ணெய் ஊத்தி, வண்டியில ஏத்திட்டேன். அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் இருக்கே தம்பி, கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி இருந்ததில்ல.

துளசிமணி ஊருல இருந்து வந்தா. இன்ஜின் மூடியிருக்கறதப் பாத்தா. காபி போட்டுக் குடுத்துட்டு, ஒருக்கா பிரிச்சுப் பாத்தரலாங்களான்னு மெதுவாக் கேட்டா. எதுக்குன்னேன். சும்மாதான், ரெண்டு பேரும் பாத்த மாதிரி இருக்கும்னா. நான் பாத்தது பத்தாதான்னு கேட்டேன். அதுக்கு அவ, உங்களுக்குத் தெரியுதுங்களான்னு கேட்டா.

அந்த ஒரு வார்த்தைங்க. தெரியுதுங்களா. நான் டம்ளரைத் தூக்கி எறிஞ்சுட்டேன். அடிக்கல, அவ மேல எறியல. செவுத்துலதான் எறிஞ்சேன். என்ற கையப் பாத்து ஊரே வேலை குடுக்குது, நீ என்னைக் குருடன்னு சொல்றியான்னேன். நான் அப்படிச் சொல்லலீங்கன்னா. தொடச்சு எடுத்துட்டுப் போயிட்டா. விட்டுட்டான்னுதான் நெனச்சேன்.

பந்தயத்துக்கு வண்டியை டிராக்குக்குக் கொண்டு போயாச்சு. காலையில பழகற ஓட்டம். தாரிணி ஹெல்மெட் மாட்டி உள்ள உக்காந்துட்டா. அத்தனை டீமும் சுத்தி நிக்குது. போத்தனூர் ஜெரால்டும் இருக்கான். அவனும் இன்ஜின் கட்டறவன். நல்லவன்தான், ஆனா தொழில்ல எனக்கு அடுத்த ஆளு. அப்ப ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. துளசிமணி எறங்கி ஓடியாறா. காலுல செருப்பு இல்ல. நேரா வண்டிக்கிட்ட வந்து கதவைப் பிடிச்சுக்கிட்டு, ஸ்டார்ட் பண்ணாத கண்ணு, எறங்குங்கறா.

நான் பட்டறையில போட்டுட்டு வந்த களிமண்ணை அவ எடுத்து அளந்து பாத்திருக்கா. குப்பைன்னு நான் தள்ளி விட்டது. டப்பாவுல போட்டுக் கொண்டாந்து, இத அளந்து பாரு கண்ணுன்னா.

நான் என்ன பேசினேன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்ல. ஒனக்கு என்னடி தெரியும், நம்பர் படிக்கறவ நீன்னு சொன்னேன். இன்னும் ஏதேதோ. அவ கதவைப் பிடிச்ச கையை மட்டும் எடுக்கல. தாரிணி எறங்குனா. ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, ஜெரால்டுகிட்ட வெர்னியர் கேட்டு வாங்கி என் கையில குடுத்தா. மாமா, நீங்களே சொல்லுங்க, நீங்க சொன்னா நான் ஏறிருவேன்னா.

வாங்கிப் பிடிச்சேன். சுத்தி எல்லாரும் பாக்கறாங்க. மேல வெயிலு சுள்ளுன்னு அடிக்குது, இரும்பு பளபளன்னு கண்ணுல குத்துது. நான் மண்டையச் சாச்சேன். இந்தப் பக்கம் சாச்சேன், அந்தப் பக்கம் சாச்சேன். ஓரக்கண்ணுல வரும்னு பாத்தேன். வரல. ஒண்ணரைன்னேன்.

தாரிணி வாங்கிப் பாத்தா. ஜெரால்டுகிட்டக் குடுத்தா. அவனும் பாத்தான். அவன் சிரிச்சிருந்தாக்கூட நான் ஒரு அறை விட்டுட்டு நிம்மதியா இருந்திருப்பேன். அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான் தம்பி. அப்புறம் தாரிணிதான் என் தோளைத் தொட்டு, ரகசியம் மாதிரி, மாமா, அரைதான் இருக்குதுன்னா.

களிமண்ணு காஞ்சு சுருங்கிருச்சுன்னேன். டப்பாவுல நசுங்கிருச்சுன்னேன். இவ கைச்சூட்டுல எளகிருச்சுன்னேன். யாரும் இல்லைன்னு சொல்லல. தாரிணி வண்டியை லாரியில ஏத்திக் கட்டச் சொல்லிட்டா. அந்தப் பந்தயம் அவளுக்கு இல்லைன்னு ஆயிருச்சு.

எம் பட்டறையிலயே வெச்சு ஜெரால்டு இன்ஜினுக்குக் கீழ எண்ணெய் நிக்கற அடிச்சட்டியக் கழட்டிப் பாத்தான். நான் மோட்டார் ரூம்புப் பக்கம் போயி நின்னுக்கிட்டேன். இன்ஜினைச் சுத்தறது கேக்குது. சுத்தறது நின்னுச்சு. அப்புறம் துளசிமணி அழுகற சத்தம் கேட்டுச்சு. அரைகூட முழுசா இல்லைங்களாம். அவ எதுக்கு அழுகணும். அவ சொன்னதுதான நடந்தது. ஜெயிச்சவ அழுவாளா? எனக்கு இன்னும் அது புரியல.

ஜெரால்டுதான் எதையாவது தப்பாப் பாத்தானோன்னு நானும் மனசுல சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அவன் வேணும்னே செய்யற ஆளு இல்ல. அதுதான் கஷ்டமே.

அப்புறம் அவங்களே சேந்து சரி பண்ணாங்க. ராடு போல்ட்டோட தோள்ல கொஞ்சம் அரச்சு எடுத்து, எடையெல்லாம் சரி பாத்து, திருப்பிக் கட்டுனாங்க. தாரிணி சுத்தறா, துளசிமணி அளக்கறா. வீடு பட்டறைக்குப் பின்னாலதான். நான் கட்டில்ல படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுட்டுக் கெடந்தேன். அவ நம்பர் சொல்ற குரல் கேக்குது. முன்ன எனக்குச் சொல்லுவா, இப்ப அவளே சொல்லி அவளே சரிங்கறா. நடுவுல வந்து கூப்புட்டா. ஏனுங்க, வந்து ஒருக்காக் கை வெச்சுப் பாருங்க, உங்க கை பட்டாத்தான் எனக்குத் தைரியம்னா. செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். வாசப்படியிலயே நின்னா. ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் போயிட்டா.

அடுத்த பந்தயத்துக்கு நான் போகல. வீட்டுல இருந்தேன். ஃபோன் வந்துச்சு. எடுத்தா, அவ பேசல. ஃபோனை டிராக்குப் பக்கம் நீட்டிப் பிடிச்சிருக்கா. வண்டிங்க கும்பலா வருது, போகுது. அத்தனை சத்தத்துல என்ற இன்ஜின் சத்தம் எனக்குத் தெரியாதுங்களா? காதை வெச்சு அழுத்திக் கேட்டேன். ஒவ்வொரு சுத்துக்கும் கேட்டேன். எங்கயாவது ஒரு தட்டல் வருதா, ஒரு உதறல் வருதான்னு.

தம்பி, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ. தட்டல் வரணும்னு கேட்டேனுங்க. அந்தப் புள்ள உள்ள உக்காந்து ஓட்டறா. எந் தோள்ல தூங்குன புள்ள. அது தெரிஞ்சும் நான் தட்டல் வருமா வருமான்னுதான் கேட்டுட்டு நின்னேன். வரல. சுத்தமா ஓடுச்சு. நான் கட்டுனதுலயே இவ்வளவு சுத்தமா ஒண்ணு ஓடுனதில்ல. ரெண்டாவதா வந்தாளாம். ஃபோன்ல துளசிமணி, கேட்டீங்களா, கேட்டீங்களான்னா. நான் வெச்சுட்டேன்.

அதுக்கப்புறம் பட்டறைக்குள்ள போகல. போயி என்ன பண்ண. கண்ணு சரியில்லாதவன் கட்டுன வண்டியில எவன் உக்காருவான், எந்த அப்பன் புள்ளைய உக்கார வெப்பான். நானே வெக்க மாட்டேன். பழகுன ஆளுங்க வந்து, அக்கா இருக்காங்களான்னு கேக்கறாங்க. என் வாசல்ல நின்னுக்கிட்டு. எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க. விவசாயம் தெரியாது, யாவாரம் தெரியாது. சோத்துல மயிரு கெடந்தா எடுத்துப் போடக்கூட இப்ப அவதான். இந்தக் கையி ரெண்டும் இருக்குது பாருங்க, நல்லாத்தான் இருக்குது, இதை வெச்சுட்டு நான் என்ன பண்றது. தெனம் காலையில எந்திரிச்சு அந்த ஷட்டரைத் தூக்கற சத்தம் கேக்குது. அவ தூக்கறா.

அந்த டாக்டர் சர்க்கரைங்கறாரு. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்குதுங்கறாரு. ஒரு கண்ணுல பார்வை திரும்பாது, இன்னொண்ணுக்கு லேசர் வெச்சுப் பாக்கலாம், மதுரைக்குப் போங்க, தள்ளிப் போடாதீங்க, கூட ஆளைக் கூட்டிட்டுப் போங்கன்னாரு. அதுவும் தள்ளித் தள்ளிப் போட்டுட்டேன். துளசிமணி நானும் வர்றேன் வர்றேன்னு உசுர எடுத்தா. நீ வர்றதா இருந்தா நான் போகவே மாட்டேன்னுட்டேன். இன்னைக்கு அவ கடைக்குப் போன நேரம் பாத்துக் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல. பஸ் ஏறத் தெரியாதா எனக்கு? காந்திபுரத்துல இருந்து சிங்காநல்லூர் வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு பேரு மேல இடிச்சுட்டேன். ஒருத்தன் குடிச்சிருக்கியான்னு கேட்டான்.

இது எந்த ஊருங்க, தாராபுரம் தாண்டியாச்சுங்களா? அப்படியா.

ஃபோன் அடிக்குதுங்களா? என்னுதுதான். சித்த பாருங்க தம்பி, யாருன்னு போட்டிருக்குது. துளசியா. இருக்கட்டும். அடிச்சு அடங்கட்டும்.

மறுபடியும் அவதானா.

எடுக்கற எடம் எங்க இருக்குதுன்னு கொஞ்சம் தொட்டுக் குடுங்க. முன்னெல்லாம் பட்டன் இருந்துச்சு.

ம். நான்தான்.

பஸ்ஸுல இருக்கறேன். மதுரைக்குத்தான். ஆமா, தனியாத்தான். சாப்புட்டேன். இல்ல, சாப்புடல. அழுகாத. அழுகாதங்கறேன்ல, பக்கத்துல ஆளு இருக்குது.

துளசி. இங்க பாரு. இந்தப் பஸ்ஸு மதுரைக்குப் போகுதான்னே எனக்குத் தெரியல. பக்கத்துத் தம்பியக் கேட்டுத்தான் உக்காந்திருக்கறேன். இல்ல, வெளிச்சம் எல்லாம் நல்லாத்தான் இருக்குது. தெரியல துளசி. உடுமலையில பேரனைக் கையில குடுத்தீங்களே, அப்பவே தெரியல.

ம்.

ம். நீ வா.

எங்க எறங்கட்டும்? சரி. சரி, நகர மாட்டேன். அங்கயே நிக்கறேன்.

தம்பி, அவ அடுத்த பஸ்ஸுல ஏறறாளாம். ஒட்டன்சத்திரத்துல எறங்கி நிக்கச் சொல்றா. ஸ்டாண்டு வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க. எறங்குனதும் எந்தப் பக்கம் நிக்கணும்னு காட்டி, என்னை அந்தப் பக்கமாத் திருப்பி நிறுத்தி விட்டுட்டுப் போங்க. அவ வந்து கண்டுபிடிச்சுக்குவா.